பழைய வீட்டுப் பெயிண்ட்டில் காரீயம்: உப்புத்தாள் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நிக்காஹ் தேதி குறித்துவிட்டாலோ, பெருநாள் நெருங்கிவிட்டாலோ, தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வரப்போகிறாள் என்றாலோ, நம் வீடுகளில் முதலில் அழைக்கப்படுபவர்களில் ஒருவர் பெயிண்டர். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மாப்பிள்ளை பெண்வீட்டில் வந்து வாழும் வழக்கம் இருப்பதால், ஒரே வீடு தலைமுறைக்குத் தலைமுறை, ஒவ்வொரு திருமணத்துக்கும் புதுப்பிக்கப்படுகிறது. பாட்டியின் திருமணத்துக்கு அடித்த பெயிண்ட்டின் மேல் தாயின் திருமணத்துக்கு அடித்த பெயிண்ட். அதன் மேல் மகளுக்காக அடிப்பது. அத்தகைய வீட்டின் தேக்குக் கதவில் ஏழெட்டுப் பூச்சுகள் இருந்தாலும் வியப்பதற்கில்லை.

அந்த அடிப் பூச்சுகளில் காரீயம் இருக்க வாய்ப்பு அதிகம். உரியாமல், வெடிக்காமல், மேலே நல்ல பூச்சு மூடியிருக்கும்வரை அது பெரிய தீங்கு செய்வதில்லை. புதுப் பெயிண்ட் பிடிக்க வேண்டும் என்பதற்காகப் பழையதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறோமே, அந்த நாளில்தான் அது தூளாகி வீடு முழுவதும் பரவுகிறது. பிறகு சில நாட்களிலேயே அதே வீட்டுக்குள் கர்ப்பிணி மகளோ தவழும் பேரக் குழந்தையோ வருகிறார்கள். காரீயத்தால் அதிகம் பாதிக்கப்படுபவர்களும் அவர்களே. எனவே பரிசோதனை செய்வதாக இருந்தால் அது பெயிண்டர் வருவதற்கு முன்பே நடக்க வேண்டும்.

எந்த ஈயம்?

தமிழில் இந்தச் சொல் குழப்பம் தரக்கூடியது. பித்தளைப் பாத்திரத்துக்கு 'ஈயம் பூசுகிறோம்' என்கிறோமே, அது வெள்ளீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் முறையாகச் செய்யப்பட்டிருந்தால் வெள்ளீயமே. சில ஊர்களில் அலுமினியச் சட்டியையும் 'ஈயச் சட்டி' என்று சொல்வதுண்டு. இவை எதுவும் இங்கே பேசப்படும் பொருள் அல்ல. நாம் பேசுவது காரீயம்: பழைய மீன்வலைக் குண்டிலும், வண்டி பேட்டரியிலும், துப்பாக்கி ரவையிலும் இருக்கும் கனமான, மென்மையான சாம்பல் நிற உலோகம். ஆங்கிலத்தில் 'லெட்' என்பது இதையே. ஆய்வகத்துக்குப் போன் செய்யும்போது 'ஈயம் டெஸ்ட்' என்று கேட்காமல் 'பெயிண்ட்டில் லெட் அளவு' என்று கேட்டால் குழப்பம் இருக்காது.

பெயிண்ட்டில் இதை ஏன் சேர்த்தார்கள்?

மூன்று காரணங்கள். ஒன்று நிறம். காரீயக் கார்பனேட் பளிச்சென்ற வெள்ளை நிறத்தைத் தரும். காரீயக் குரோமேட் மஞ்சளையும் ஆரஞ்சையும் தரும். அந்த மஞ்சளுடன் நீலத்தைச் சேர்த்தால் பச்சை கிடைக்கும். நம் வீட்டு வாசல் கதவுகளிலும் ஜன்னல் பலகைகளிலும், பல பள்ளிவாசல்களின் கம்பிக் கதவுகளிலும் அதிகம் காணும் அடர்பச்சை நிறம் முற்காலத்தில் இப்படியும் தயாரிக்கப்பட்டது. எல்லாப் பச்சைப் பெயிண்ட்டிலும் காரீயம் உண்டு என்பது இதன் பொருளல்ல. ஆனால் பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை எனாமல்களைச் சந்தேகத்துடன் பார்ப்பதே முறை.

இரண்டாவது, சீக்கிரம் காய்வதற்காக எண்ணெய்ப் பெயிண்ட்டில் காரீய உப்புகள் சேர்க்கப்பட்டன. இதனால் வெள்ளை, கிரீம் நிற எனாமலிலும் காரீயம் இருந்திருக்கக்கூடும். மூன்றாவது, இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கப்பட்ட 'ரெட் லெட்' பிரைமர். பழைய கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி ஆகியவற்றின் அடியில் தெரியும் ஆரஞ்சு கலந்த சிவப்பு அதுவாக இருக்கலாம். இப்போது பரவலாகப் பயன்படும் 'ரெட் ஆக்சைடு' பிரைமரின் சிவப்பு இரும்பு ஆக்சைடிலிருந்து வருவது. கண்ணால் பார்த்து இரண்டையும் உறுதியாகப் பிரித்தறிய முடியாது.

சுவரைப் பற்றிய பயம் பெரும்பாலும் தேவையற்றது. நம் பழைய வீடுகளின் சுவர்கள் சுண்ணாம்பாலும், பிறகு டிஸ்டெம்பராலும், அண்மைக் காலத்தில் எமல்ஷனாலும் பூசப்பட்டவை. இந்தியாவில் விற்ற பெயிண்ட்களை ஆராய்ந்தவர்கள் மீண்டும் மீண்டும் கண்டது ஒன்றே: தண்ணீரில் கரையும் எமல்ஷனில் காரீயம் மிகக் குறைவு, எண்ணெய் அடிப்படையிலான எனாமலில்தான் அதிகம். ஆகவே அமெரிக்க இணையதளங்களைப் படித்துவிட்டுச் சுவர் சுவராகச் சோதிக்க வேண்டியதில்லை. சுவரில் ஆயில் பெயிண்ட் அடித்திருந்தால் மட்டும் அது விதிவிலக்கு. சமையலறையிலும் நடைபாதையிலும் இடுப்பளவு உயரத்துக்கு ஆயில் பெயிண்ட் அடிக்கும் வழக்கம் முன்பு பரவலாக இருந்தது.

கதவு, வாசல் நிலை, ஜன்னல் சட்டம், ஜன்னல் கம்பி, திண்ணைக் கிரில், மாடிக் கைப்பிடி, இரும்பு பீரோ, கட்டில், ஊஞ்சல், மரத் தொட்டில். பார்க்க வேண்டிய இடங்கள் இவை. பாட்டி காலத்துத் தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கிப் புதுக் குழந்தைக்குப் பயன்படுத்துவதாக இருந்தால், அதைத்தான் முதலில் சோதிக்கச் சொல்வேன். குழந்தை அதன் விளிம்பைக் கடிக்கும்.

120 ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த செய்தி

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குழந்தைகள் பலர் காரீய நஞ்சால் பாதிக்கப்பட்டு மருத்துவமனைக்கு வந்தார்கள். எங்கிருந்து நஞ்சு வருகிறது என்று தெரியவில்லை. அங்கிருந்த கண் மருத்துவர் ஜான் லாக்ஹார்ட் கிப்சன், வீட்டு வராந்தாக்களின் பெயிண்ட் அடித்த கைப்பிடிக் கம்பிகளே காரணம் என்று 1904இல் எழுதினார். வெயிலில் பெயிண்ட் மாவு போல் உதிர்கிறது. குழந்தைகள் அதைப் பிடித்து விளையாடுகிறார்கள். பின் விரலைச் சூப்புகிறார்கள். வெயில், திண்ணை, கம்பி, குழந்தையின் கை என எல்லாமே நம் ஊருக்கும் பொருந்துகிறது.

இவ்வளவு முன்பே தெரிந்திருந்தும் சட்டங்கள் மெதுவாகவே வந்தன. அமெரிக்கா 1978இல் வீட்டுப் பெயிண்ட்டில் காரீயத்தை 600 பிபிஎம் அளவுக்குக் கட்டுப்படுத்தியது. 2009இல் அதை 90 ஆகக் குறைத்தது. பிபிஎம் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 90 பிபிஎம் என்பது ஒரு கிலோ பெயிண்ட்டில் 90 மில்லிகிராம்.

இந்தியாவில் நீண்ட காலம் கட்டாய வரம்பு ஏதும் இருக்கவில்லை. நிறுவனங்கள் விரும்பினால் பின்பற்றும் தரநிர்ணயம் மட்டுமே இருந்தது. பெட்ரோலில் காரீயம் 2000இல் நிறுத்தப்பட்ட பிறகும் பெயிண்ட்டில் தொடர்ந்தது. பெங்களூரைச் சேர்ந்த பேராசிரியர் துப்பில் வெங்கடேஷ் போன்றோர் இதைப் பற்றிப் பல்லாண்டு குரல் கொடுத்தார்கள். டாக்சிக்ஸ் லிங்க் என்ற அமைப்பு கடைகளில் பெயிண்ட் வாங்கிச் சோதித்து முடிவுகளை வெளியிட்டுவந்தது. இறுதியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 நவம்பரில் விதிகளை அறிவித்தது. வீட்டு உபயோக, அலங்காரப் பெயிண்ட்களில் காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற அந்த விதி 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

நடைமுறையில் இதன் பொருள்: 2017க்கு முன் எனாமல் அடிக்கப்பட்ட எந்த மரத்தையும் இரும்பையும், சோதித்துப் பார்க்கும்வரை, காரீயம் உள்ளதாகவே கருத வேண்டும். 'பழைய வீடு' என்றதும் நூறாண்டு வீட்டை மட்டும் நினைக்க வேண்டாம். 2010இல் கட்டிய வீட்டின் ஜன்னல் கிரில்லும் இந்தக் கணக்கில் வரும். மேலும், இந்த விதி தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பெயிண்ட்களுக்குப் பொருந்தாது. வெல்டிங் பட்டறையில் கிரில்லுக்கு என்ன பெயிண்ட் அடிக்கிறார்கள் என்று கேட்டு, டப்பாவைப் பார்த்து வாங்குவது நல்லது. விதி வந்த பின்னும் சிறு நிறுவனங்களின் எனாமல்களில் வரம்பை மீறிய காரீயம் கண்டறியப்பட்டிருக்கிறது. டப்பாவின் மீது காரீய அளவு 90 பிபிஎம்முக்கு மிகாது என்ற அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். லூசாக அளந்து ஊற்றித் தரும் பெயிண்ட்டை வீட்டுக்குள் பயன்படுத்தாதீர்கள்.

எவ்வளவு போனால் ஆபத்து?

ஒரு சிறு கணக்கு. பழைய எனாமல் ஒன்றில் 1 சதவீதம் காரீயம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பழைய எனாமலுக்கு இது அசாதாரணமான அளவு அல்ல. அரை அரிசி அளவு, சுமார் 10 மில்லிகிராம் எடையுள்ள ஒரு பெயிண்ட் செதிலில் 100 மைக்ரோகிராம் காரீயம் இருக்கும். உணவு வழியாக ஒரு குழந்தைக்குள் செல்லும் காரீயத்துக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வைத்திருக்கும் கண்காணிப்பு அளவு நாளொன்றுக்கு 2.2 மைக்ரோகிராம். அந்த ஒரு செதில் சுமார் 45 நாள் அளவுக்குச் சமம். தூளாக இருந்தால் கண்ணுக்கே தெரியாது.

பெரியவர்களின் குடல் தான் பெறும் காரீயத்தில் சிறு பகுதியையே உறிஞ்சும். சிறு குழந்தைகள் அதைவிட 4 முதல் 5 மடங்கு உறிஞ்சுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உடலில் இரும்புச் சத்தும் கால்சியமும் குறைவாக இருந்தால் உறிஞ்சப்படுவது இன்னும் கூடும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 67 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. இந்த இரண்டும் ஒன்று சேரும்போது என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

உள்ளே போன காரீயம் முதலில் இரத்தத்திலும், பிறகு எலும்பிலும் பல்லிலும் போய்த் தங்குகிறது. எலும்பில் பல பத்தாண்டுகள் இருக்கும். பெண் கருவுறும்போது எலும்பிலிருந்து கால்சியம் கரைந்து சிசுவுக்குப் போகிறது. கூடவே பழைய காரீயமும் இரத்தத்துக்கு வந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிச் செல்கிறது. குழந்தைப் பருவத்தில் உள்ளே சென்ற காரீயம் அடுத்த தலைமுறையையும் தொடக்கூடும் என்பதே இதன் பொருள்.

மூளைக்கு என்ன செய்கிறது என்பதை 1979இல் ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற அமெரிக்க மருத்துவர் காட்டினார். பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து அவற்றில் காரீயத்தை அளந்தார். வெளியில் எந்த நோயும் இல்லாத பிள்ளைகள்தாம். ஆனால் பல்லில் காரீயம் அதிகம் இருந்தவர்கள் நுண்ணறிவுத் தேர்விலும் வகுப்பில் கவனம் செலுத்துவதிலும் பின்தங்கியிருந்தார்கள். 'பிள்ளை சுறுசுறுப்பாகத்தானே ஓடியாடுகிறான்' என்பதை வைத்துக் காரீயம் இல்லை என்று சொல்ல முடியாது. வயிற்றுவலி, மலச்சிக்கல், எரிச்சல், சோர்வு, இரும்புச் சத்து மருந்து கொடுத்தும் சரியாகாத இரத்தசோகை ஆகியவை அளவு கூடிய பிறகு தெரியும் அறிகுறிகள். மண்ணையோ சுவர்க் காரையையோ தின்னும் பழக்கமுள்ள குழந்தையிடம் கூடுதல் கவனம் வேண்டும்.

உலக அளவில் மூன்றில் ஒரு குழந்தையின் இரத்தத்தில், டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருப்பதாக 2020இல் யுனிசெஃப் அறிக்கை கணக்கிட்டது. எண்ணிக்கையில் 80 கோடி. அவர்களில் 27 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தியக் குழந்தைகள். பேட்டரி உருக்கும் பட்டறை, கலப்பட மசாலா, பாத்திரம் எனப் பல காரணங்கள் இதில் உண்டு. பெயிண்ட் அவற்றில் ஒன்று. ஆனால் நம் வீட்டுக்குள்ளேயே நாம் தடுக்கக்கூடிய ஒன்று.

பரிசோதனை முறைகள்

பெயிண்ட்டில் காரீயம் இருக்கிறதா என்று அறிய மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, இணையத்தில் விற்கும் தேய்த்துப் பார்க்கும் கிட். பஞ்சு முனையை நனைத்துப் பெயிண்ட்டின் மீது தேய்த்தால், காரீயம் இருந்தால் நிறம் மாறும். ரோடிசோனேட் என்ற வேதிப்பொருள் கொண்டவை இளஞ்சிவப்பாகும்; சல்பைடு கொண்டவை கறுக்கும். வேகமானவை. ஆனால் குறைகள் நிறைய. சிவப்புப் பெயிண்ட்டின் சாயமே பஞ்சில் ஒட்டி ஏமாற்றும். சல்பைடு வேறு உலோகங்களுக்கும் கறுக்கும். காரை, ஜிப்சம் தூசு படிந்தால் இருக்கும் காரீயத்தையும் காட்டாமல் விடும். மேல் பூச்சை மட்டும் தேய்த்தால் அடியில் இருப்பது தெரியாது. பிளேடால் மரம்வரை சாய்வாக வெட்டி எல்லா அடுக்கும் தெரியும்படி செய்த பிறகே தேய்க்க வேண்டும். மேலும் இவை ஆயிரக்கணக்கான பிபிஎம் உள்ள பழைய பெயிண்ட்டைக் கண்டுபிடிக்கத்தான் உதவும். 90 பிபிஎம் வரம்பைச் சோதிக்க உதவாது. நிறம் மாறாவிட்டால் 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. என்னைக் கேட்டால், அந்தக் காசை ஆய்வகத்துக்குக் கொடுப்பது மேல்.

இரண்டாவது, எக்ஸ்ஆர்எஃப் எனப்படும் கைக்கருவி. நகைக்கடையில் தங்கத்தின் தரத்தைச் சில நொடிகளில் காட்டும் இயந்திரம் இருக்கிறதல்லவா, அதே தத்துவம். பெயிண்ட்டைச் சுரண்டாமலே, எல்லா அடுக்குகளையும் சேர்த்து அளந்துவிடும். அமெரிக்காவில் வீட்டு ஆய்வாளர்கள் பயன்படுத்துவது பெரும்பாலும் இதைத்தான். நம் ஊர்களில் வீட்டுக்கு வந்து இதைச் செய்து தருபவர்கள் எளிதில் கிடைப்பதில்லை. நகைக்கடை இயந்திரம் தங்கத்துக்காக அளவு திருத்தப்பட்டது என்பதால் அதில் கதவுச் செதிலை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை.

மூன்றாவதும் நமக்கு ஏற்றதும், செதிலை ஆய்வகத்துக்கு அனுப்புவது. சென்னை, கோவை போன்ற நகரங்களில் உணவு, தண்ணீர், ரசாயனம் சோதிக்கும் தனியார் ஆய்வகங்கள் உள்ளன. என்ஏபிஎல் அங்கீகாரம் பெற்றதா, அந்த அங்கீகாரம் பெயிண்ட்டில் லெட் அளவிடுவதையும் உள்ளடக்குகிறதா என்று கேளுங்கள். என்ஏபிஎல் இணையதளத்திலும் தேடிப் பார்க்கலாம். கட்டணத்தையும் எவ்வளவு மாதிரி தேவை என்பதையும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

மாதிரி எடுக்கும் முறை முக்கியம். பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். கையுறை, முகக்கவசம் அணிந்து, கீழே பாலித்தீன் விரித்து, எடுக்கும் இடத்தில் தண்ணீர் தெளித்து ஈரமாக்குங்கள். கூரான பிளேடால் தீப்பெட்டி அளவுள்ள இடத்தில், மரமோ இரும்போ தெரியும்வரை எல்லா அடுக்குகளையும் சேர்த்து எடுங்கள். மரத்தூள் அதிகம் சேர்ந்துவிட்டால் அளவு குறைத்துக் காட்டும். ஜிப் கவரில் போட்டு 'வாசல் நிலை', 'திண்ணைக் கிரில்' என்று எழுதுங்கள். கதவையும் கிரில்லையும் ஒரே கவரில் போடாதீர்கள். அடித்த காலமும் பெயிண்ட்டும் வேறுவேறாக இருக்கும். முடிந்ததும் அந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்து, துணியைக் குப்பையில் போட்டுவிடுங்கள். செலவைக் குறைக்க விரும்பினால், உரிந்துகொண்டிருக்கும் ஒரு ஜன்னல், குழந்தை புழங்கும் ஒரு கிரில், மிகப் பழைய ஒரு கதவு என மூன்று மாதிரிகள் போதும்.

முடிவு பிபிஎம்மிலோ, கிலோவுக்கு மில்லிகிராம் என்றோ வரும்; இரண்டும் ஒன்றே. சதவீதத்தில் வந்தால் 10,000ஆல் பெருக்குங்கள். 90க்குக் கீழே என்றால் கவலையில்லை. 5,000க்கு மேல் என்றால், பழைய வீடுகளில் 'காரீயப் பெயிண்ட்' என்று அமெரிக்கச் சட்டம் வரையறுக்கும் அளவை அது தொட்டுவிட்டது. இடைப்பட்ட அளவுகளில் தடுமாற்றம் வரும். 90 என்பது புதுப் பெயிண்ட்டுக்கான வரம்பு. அதைக் கொஞ்சம் தாண்டிய பழைய கதவைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. ஆனால் 600ஐத் தாண்டிய எதையும் உலர்ந்த நிலையில் தேய்க்க விடாதீர்கள் என்பதே என் ஆலோசனை.

சோதனை செய்ய வழியில்லை என்றால்? இருப்பதாகவே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கீழே சொல்லும் முறைகளுக்குத் தண்ணீரும் பாலித்தீனும் பொறுமையும்தான் செலவு.

அமெரிக்காவில் வாடகைக்குக் குடியிருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு: 1978க்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு விடுபவர், தமக்குத் தெரிந்த காரீயப் பெயிண்ட் விவரத்தை ஒப்பந்தத்துக்கு முன் எழுத்தில் தர வேண்டும் என்பது அங்கே சட்டம். கையெழுத்திடும்முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அங்கே சுவர், கூரை உட்பட எல்லாமே சந்தேகத்துக்குரியவை.

பெயிண்டரிடம் சொல்ல வேண்டியவை

முதலில், தேய்க்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். பூச்சு உறுதியாக இருந்தால், சோப்புத் தண்ணீரால் கழுவிக் காயவிட்டு, மேலே நல்ல பிரைமரும் புதுப் பெயிண்ட்டும் அடித்து மூடிவிடலாம். உரிந்த இடத்தை மட்டும் சரிசெய்தால் போதும். ஒன்றோடொன்று உரசும் இடங்களுக்கு மட்டும் இது பொருந்தாது. ஜன்னல் சட்டமும் பலகையும், கதவும் நிலையும் மோதும் விளிம்பில் என்ன அடித்தாலும் உரசி உரசித் தூள் விழும். அத்தகைய பலகையைக் கீலிலிருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய், விளிம்பை நனைத்து இழைத்துவிட்டு மாட்டலாம். மிகவும் மோசமாக இருந்தால் மாற்றிவிடலாம்.

தேய்த்தே ஆக வேண்டும் என்றால் தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள். மின்சாரத் தேய்ப்பு இயந்திரம் வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும். தூசியை வீடு முழுக்கப் பரப்பியும் விடும். ஊதுவிளக்கால் பெயிண்ட்டைக் கருக்கி எடுப்பது அதைவிட மோசம். காரீயம் ஆவியாகி நேரே நுரையீரலுக்குப் போகும்.

வேலை நடக்கும் அறையிலிருந்து பாய், மெத்தை, திரை, விளையாட்டுப் பொருள், தண்ணீர்ப் பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தரையில் பாலித்தீன் விரியுங்கள், அறைக் கதவை மூடி இடுக்குகளை டேப் ஒட்டி அடையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். கர்ப்பிணியும் குழந்தைகளும் வேலை முடிந்து சுத்தம் செய்து முடிக்கும்வரை அந்த வீட்டில் இல்லாமல் இருப்பதே சரி. உறவினர் வீட்டில் நாலு நாள் தங்குவது ஒன்றும் சிரமமில்லை.

சுத்தம் செய்யும்போது துடைப்பத்தைத் தொடாதீர்கள். பெருக்கினால் நுண்தூசி எழுந்து, மீண்டும் படிந்து, குழந்தையின் கைக்கு வரும். சாதாரண வாக்கும் கிளீனரும் அப்படியே. ஹெபா வடிகட்டி உள்ளது மட்டும் பயன்படும். பாலித்தீனை உள்பக்கமாகச் சுருட்டி எடுத்துவிட்டு, சோப்புத் தண்ணீரால் ஒருமுறையும் நல்ல தண்ணீரால் ஒருமுறையும் துடையுங்கள். ஜன்னல் கட்டையையும் கம்பியையும் மறக்க வேண்டாம். மறுநாள் இன்னொருமுறை துடையுங்கள். காற்றில் மிதந்த தூசி இரவில் கீழே படிந்திருக்கும்.

பெயிண்டரும் ஒரு குடும்பத்தின் தகப்பன். வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு வேலை செய்வதால் காரீயத் தூசி நிற்காது. குறைந்தது என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள். வேலை உடுப்பை அங்கேயே மாற்றி, தனியாகத் துவைக்க வேண்டும்; இல்லையென்றால் தூசி அவர் பிள்ளைகளிடம் போய்ச் சேரும். பெருநாளை முன்னிட்டு ரமளான் கடைசிப் பத்தில் வேலை நடக்கும் வீடுகளுக்கு இன்னொன்று: வெறும் வயிற்றில் காரீயம் பல மடங்கு அதிகமாக உறிஞ்சப்படுகிறது. நோன்பு வைத்து வேலை செய்பவர் நோன்பு திறக்கும்முன் ஒளுச் செய்வதோடு நிறுத்திக்கொள்ளாமல், கை முகத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். முடிந்தால் தேய்க்கும் வேலையை ஷஃபானிலேயே முடித்துவிடுங்கள்.

ஏற்கனவே தேய்த்துவிட்டோமே என்றால்

தரையையும் ஜன்னல் கட்டைகளையும் மேலே சொன்னபடி சில நாள் தொடர்ந்து ஈரத்துணியால் துடையுங்கள். அந்த நேரத்தில் வீட்டிலிருந்த 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இரத்தப் பரிசோதனை செய்வது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். 'பிளட் லெட் லெவல்' என்று கேட்டால், பெரிய பரிசோதனை நிலையங்கள் இரத்தம் எடுத்துத் தலைமை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். விரல் நுனியில் எடுத்தால் தோலில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டலாம். நரம்பில் எடுப்பதே நம்பகமானது.

பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தொட்டால் காரணத்தைத் தேடி நீக்கச் சொல்கிறது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021 முதல் 3.5ஐ எச்சரிக்கை அளவாக வைத்திருக்கிறது. இந்த அளவுகளில் மருந்து கிடையாது. காரீயம் வரும் வழியை அடைப்பதும், இரும்புச் சத்து, கால்சியக் குறையைச் சரிசெய்வதும், சில மாதங்களில் மீண்டும் சோதிப்பதுமே சிகிச்சை. பேரீச்சம்பழமும் பாலும் ஈரலும் கொடுப்பது நல்லதுதான். ஆனால் தூசி நிற்காமல் அவை மட்டும் பயன் தராது. 45ஐத் தாண்டினால் காரீயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்தை மருத்துவமனையில் கொடுப்பார்கள். 'உடலில் உள்ள நஞ்சை எடுக்கும்' என்று விற்கப்படும் பொடிகளையும், உலோகம் கலந்த பஸ்பங்களையும் நாடாதீர்கள். அவற்றில் சிலவற்றிலேயே காரீயம் இருந்திருக்கிறது.

குழந்தையின் அளவு கூடியிருந்து, வீட்டுப் பெயிண்ட்டில் காரணம் கிடைக்கவில்லை என்றால், சுர்மா டப்பாவையும் பாருங்கள். ஹதீஸில் வரும் 'இஸ்மித்' கல் ஆன்டிமனி வகை என்பது பரவலான விளக்கம். ஆனால் அந்தப் பெயரில் கடைகளில் விற்கும் சுர்மாவில் கணிசமானது கலினா எனப்படும் காரீய சல்பைடு. அத்தகைய சுர்மாவில் பாதிக்கு மேல் காரீயமாகவே இருக்கலாம். உம்ரா சென்று வந்தவர் அன்போடு கொடுத்தது என்றாலும், என்ன கல் என்று தெரியாத சுர்மாவைப் பச்சைக் குழந்தையின் கண்ணிலோ தொப்புளிலோ இடாதீர்கள். குழந்தை கண்ணைக் கசக்கி விரலை வாயில் வைத்தால் போதும்.

கழற்றிய மரம்

மாற்றிய கதவு, ஜன்னல் பலகைகளை என்ன செய்வது? பெரும்பாலும் அவை விறகாகப் போகின்றன. வெந்நீர் அடுப்பிலும், சில சமயம் கல்யாண வீட்டுப் பிரியாணி அடுப்பிலும். பெயிண்ட் அடித்த மரத்தை எரித்தால் காரீயம் புகையில் கொஞ்சமும் சாம்பலில் மீதியுமாகப் போகும். அந்தச் சாம்பலில் பாத்திரம் துலக்குவதும், முருங்கைக்கும் கீரைப் பாத்திக்கும் போடுவதும் இன்னும் நடக்கிறது. சுரண்டிய செதிலையும் தூசியையும் கொல்லையில் கொட்டினாலும் இதே கதைதான். காரீயம் மக்கிப் போகாது. செதில், தூசி, துடைத்த துணி எல்லாவற்றையும் கனமான பாலித்தீன் பையில் கட்டி, 'காரீயப் பெயிண்ட் கழிவு' என்று எழுதி, நகராட்சியின் அபாயகரமான வீட்டுக் கழிவுப் பிரிவில் சேர்க்கக் கேளுங்கள். பலகைகளை விறகுக்கடைக்குக் கொடுக்காதீர்கள். பழைய கதவுகளை வாங்கும் கடைக்காரருக்கு விற்பதாக இருந்தால், பெயிண்ட்டில் காரீயம் இருக்கிறது என்பதைச் சொல்லியே விற்றுவிடுங்கள். அதை வாங்கிப் போய்த் தேய்க்கப் போகிறவர் வீட்டிலும் பிள்ளைகள் இருப்பார்கள்.